ஓடுவதா, கொடுப்பதா?

அமராவதி வாய்க்கால் பாயும் கணியூரிலும், அதை ஒட்டிய காரத்தொழுவு, மடத்துக்குளம் முதலிய ஊர்களிலும், வாரமெல்லாம் பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் உழைத்துச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இளைஞர்கள், திருப்பூர்க் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சமாக வாங்கிய சட்டைகளை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பந்தாட இறங்குவார்களானால், ஆட்டம் தொடங்கிக் கால் நாழிகை கழிவதற்குள் ஒரு பழைய வழக்கும் கூடவே தொடங்கிவிடும். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு இருவரைத் தாண்டியவன் மூன்றாமவனிடம் அதைப் பறிகொடுத்துவிட்டால், "பாஸ் போட்டாக் கொறஞ்சா போயிருவ?" என்று கூட ஆடுகிறவர்களே அவனை வைகிறார்கள், அடுத்த முறை அவனே அந்த மூன்றாமவனையும் தாண்டிக் கோல் போட்டுவிட்டாலோ, வைத வாயே வாழ்த்துகிறது. பந்தோடு ஓடுவது சிறப்பா, பந்தைக் கூட்டாளிக்குக் கொடுப்பது சிறப்பா என்னும் இவ்வழக்கு இங்கே பிறந்ததன்று; ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பல மைதானங்களிலும் நடந்து, விதிகளை மாற்றி, சில நாடுகளை உயர்த்திச் சிலவற்றைத் தாழ்த்தி, இன்னும் தீர்ப்பாகாமல் இருப்பது. அதில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓர் ஆட்டக்காரருக்கும், அவரைக் கண்டெடுத்த ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் பெரும் பங்கு உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் வழக்கே இல்லை என்று தோன்றும். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தில், நல்ல தேகபலம் உள்ளவன் பந்தைத் தட்டித் தட்டி ஓடிக் கடக்கிற தூரத்தை, ஒழுங்காக உதைக்கப்பட்ட பந்து அவனுக்கு வெகு முன்னதாகவே கடந்துவிடுகிறது; பந்துக்கு மூச்சிரைப்பதில்லை, சுளுக்குப் பிடிப்பதில்லை, தோளால் இடித்து அதைத் தள்ளவும் எவராலும் முடியாது. ஆகவே மனிதன் நிற்கப் பந்தை ஓடவிடுவதே விவேகம் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் அவ்வாறு முடிவு கட்டி, பந்து வந்தவுடனே தள்ளிவிடுவதையே விரதமாகக் கொண்ட அணிகள், எதிரியின் கோலுக்குக் கூப்பிடு தூரத்தில் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கோலும் இல்லாமல் வீடு திரும்பிய விருத்தாந்தங்கள் ஏராளம். எதிரில் நிற்பவனைத் தாண்டிச் செல்லும் துணிவு ஒருவனுக்கும் இல்லாத அணி எத்தனை பாஸ் போட்டாலும் எவரும் அஞ்சுவதில்லை. எல்லோரையும் தாண்டியே தீருவேன் என்று பந்தோடு போகிறவனைக் கண்டும், முதல் ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு, எவரும் அஞ்சுவதில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவனுக்கே ஆட்டத்தின் சூட்சுமம் புலப்படும்.

ஆதியில் இந்தத் தேர்வே ஆட்டக்காரனுக்கு இருந்ததில்லை. 1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடி விதிகளை வகுத்தபோது, பந்துக்கு முன்னால் நிற்கும் கூட்டாளிக்குப் பந்தைக் கொடுப்பதே குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள்; முன்னோக்கிப் பாஸ் போட வழியில்லாததால், ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு போக, மற்றவர்கள் அவன் பின்னால் கூட்டமாக ஓடி, அவன் இடறினால் பந்தைப் பொறுக்கிக்கொள்வது என்பதே ஆட்டத்தின் முறையாயிற்று. 1866-ல் அவ்விதியைத் தளர்த்தி, எதிரணியார் மூவர் தனக்கு முன்னால் இருப்பின் முன்நிற்பவனும் பந்தைப் பெறலாம் என்று அனுமதித்தார்கள். ஆயினும் விதி மாறிய மாத்திரத்தில் பழக்கம் மாறிவிடுவதில்லை. பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த இங்கிலாந்துக் கனவான்கள், பந்தைத் தட்டிக்கொண்டே எதிரியைத் தாண்டிச் செல்லும் டிரிபிளிங்கே வீரம், பிறருக்குப் பந்தைக் கொடுப்பது ஒருவகைக் கோழைத்தனம் என்னும் எண்ணத்தை எளிதில் விடவில்லை. 1872 நவம்பர் 30-ஆம் தேதி கிளாஸ்கோ நகரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடிய ஆட்டமே நாடுகளுக்கிடையே நடந்த முதல் கால்பந்துப் போட்டியாகக் கொள்ளப்படுகிறது. குவீன்ஸ் பார்க் என்னும் ஒரே கழகத்திலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் உடல் எடையில் தங்களைவிடக் கனத்தவர்களான ஆங்கிலேயரை மோதி வெல்ல முடியாதென்று உணர்ந்து, பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடினார்கள். அன்று இருதரப்பிலும் கோல் விழவில்லை என்றாலும், அதற்கடுத்த பல ஆண்டுகளில் ஸ்காட்லாந்தே மேலோங்கிற்று. ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களை இங்கிலாந்துக் கழகங்கள் தேடிப் பிடித்து வேலை கொடுத்து அழைத்துச் செல்லும் நிலையும் வந்தது. பலவீனன் கண்டுபிடித்த உபாயம் பலவானுக்குப் பாடமாயிற்று என்பது இதில் விசேஷம்.

அமெரிக்காவில் இதே பெயரால் வழங்கும் ஆட்டம் முற்றிலும் வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அதில், பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். முன்னேறுவதற்கு வழி இரண்டு: பந்தை ஒருவன் மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிகளைப் பிளந்து ஓடலாம்; அல்லது அணியின் தலைமை ஆட்டக்காரன் அதைத் தூரத்தில் ஓடும் கூட்டாளிக்கு வீசலாம். இங்கும் முன்னோக்கி வீசுவது ஆதியில் தடுக்கப்பட்டிருந்தது. கூட்டமாக மோதி நசுங்கி இளைஞர்கள் மாண்டுபோகவே, 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. மறு ஆண்டு, 1906-ல், முன்வீச்சு சட்டமாயிற்று. அப்போதும் எவரும் தொடாமல் தரையில் விழுந்த வீச்சுக்குத் தண்டனை வைத்திருந்தபடியால், அதை ஏதோ அபாயகரமான வித்தை போலவே பலரும் கருதினர். 1913-ல் நோட்ர டேம் கல்லூரி அணி, கஸ் டோரைஸ் வீச நூட் ராக்னி பிடிக்க, பிரசித்தி பெற்ற ராணுவக் கல்லூரி அணியை 35-க்கு 13 என்று வீழ்த்திய பிறகே நாடு விழித்துக்கொண்டது.

இன்று அந்த நாட்டின் தொழில்முறைப் போட்டிகளில், பந்தோடு ஓடும் ஒரு முயற்சி சராசரியாக நான்கு கஜத்துக்குச் சற்று மேலாகவும், வீசும் ஒரு முயற்சி ஏழு கஜத்தை ஒட்டியும் பலன் தருகிறது. அப்படியானால் எப்போதும் வீசிக்கொண்டே இருப்பதுதானே என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்குக் கணியூர் விவசாயி எளிதில் விடை சொல்லிவிடுவார்: வாய்க்காலில் வருகிற தண்ணீர் இவ்வளவுதான் என்று இருக்கும்போது, ஒரு மடைக்குத் திருப்பினால் மற்ற மடையில் குறையத்தான் வேண்டும். தடுப்பவர்கள் பதினொருவரே, வீச்சையே எதிர்பார்த்து அவர்கள் பின்னால் பரவி நின்றால் முன்களம் ஒழிந்து கிடக்கும், ஓட்டத்தையே எதிர்பார்த்து முன்னால் குவிந்தால் பின்களம் திறந்து கிடக்கும். ஏழு கஜம் என்னும் சராசரியே, அவ்வப்போது ஓடவும் செய்கிற அணிக்குக் கிடைத்த சராசரி. ஓட்டத்தை அறவே விட்டொழித்தால் அந்த ஏழும் சுருங்கிப்போகும். எனவே ஓட்டத்தின் பலனை அது கடந்த கஜங்களைக் கொண்டு மட்டும் கணக்கிடலாகாது. எதிரியின் உள்ளத்தில் அது விதைத்த சந்தேகத்தினால் அடுத்த வீச்சு எத்தனை கஜம் நீண்டது என்பதையும் அதன் வரவில் எழுத வேண்டும்.

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன், ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமாகவே முடியும் இருவர் ஆட்டங்களைப் பற்றி 1928-ல் நிரூபித்த ஒரு தேற்றம் இந்த விஷயத்துக்கு அடித்தளமாயிற்று. எந்த ஓர் உபாயத்தையும் நிச்சயமாக எதிர்பார்க்கும்படி ஆடுகிறவன் தோற்பான். உபாயங்களைக் கலந்து, அடுத்தது எது என்று எதிரி ஊகிக்க இயலாதபடி, ஆனால் தக்க விகிதத்தில் ஆடுவதே ஒருவனுக்கு உச்ச நன்மை என்பது அதன் சாரம். தக்க விகிதம் என்பது சரிபாதி அன்று. பயிற்சியாளர்களில் சிலரும் பத்திரிகைக்காரர்களில் பலரும், பாதி ஓட்டமும் பாதி வீச்சுமாக ஆடிவிட்டால் சமநிலை வந்துவிட்டதென்று எண்ணுவது பெரும் பிழை. ஓட்டத்தில் ஒன்றைக் குறைத்து வீச்சில் ஒன்றைக் கூட்டினாலும், வீச்சில் ஒன்றைக் குறைத்து ஓட்டத்தில் ஒன்றைக் கூட்டினாலும், மேற்கொண்டு லாபம் இல்லை என்னும் எல்லை எதுவோ அதுவே சமநிலை. அது எழுபதுக்கு முப்பதாகவும் இருக்கலாம், ஆளுக்கு ஆள், மழைக்கு மழை மாறவும் மாறலாம். ஓடுபவன் கையில் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை செய்து, தடுப்பவர்கள் ஓரடி முன்னே வந்த கணத்தில், கொடுக்காமல் வைத்த பந்தை அவர்கள் தலைக்கு மேல் வீசுவது அமெரிக்க ஆட்டத்தில் மிகப் பழைய தந்திரம். ஓடவே ஓடாத அணியின் பாவனைக்கு எவன் ஏமாறுவான்?

இந்தத் தத்துவத்தின் விலை எத்தகையது என்பதை 2015 பிப்ரவரி 1-ஆம் தேதி அமெரிக்காவின் மகுடப் போட்டி காட்டிற்று. சியாட்டில் அணி நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. எதிரியின் எல்லைக்கு ஒரு கஜம் மிச்சம். நேரமோ அரை நிமிடத்துக்கும் குறைவு. அணியில் மார்ஷான் லிஞ்ச் என்னும் காளை போன்ற ஓட்டக்காரர் இருந்தார். முந்தைய முயற்சியில்தான் நான்கு கஜம் ஓடியிருந்தார். அவர் கையில் பந்தைக் கொடுப்பார்கள் என்று கோடிக்கணக்கானோர் எதிர்பார்த்திருக்க, பயிற்சியாளர் பீட் கேரல் வீசச் சொன்னார். ரஸ்ஸல் வில்சன் வீசிய பந்தை நியூ இங்கிலாந்து அணியின் மால்கம் பட்லர் என்னும் புதிய ஆட்டக்காரர் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொள்ள, 28-க்கு 24 என்று ஆட்டம் முடிந்தது. சரித்திரத்திலேயே மூடத்தனமான முடிவு என்று மறுநாள் எழுதாத பத்திரிகை அரிது. என் அபிப்பிராயம் வேறு. ஓட்டத்தை எதிர்பார்த்து எதிரி முன்னால் குவிந்து நின்ற நேரத்தில் வீச நினைத்தது குற்றமன்று; ஆட்கள் நெருங்கி நின்ற நடுப்பகுதிக்குள் வீசியதே குற்றம். முடிவு தப்பாகப் போனதற்காக அதை எடுத்த யோசனையையும் தப்பென்பது, மழை பெய்யாத நாளில் குடை கொண்டு போனவனைப் பரிகசிப்பதற்கு ஒப்பாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1911 ஜூலை 29-ஆம் தேதி, கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தார், ஒருவர் நீங்கலாக மற்ற பதின்மரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் என்னும் வெள்ளையர் படைப்பிரிவின் அணியை 2-க்கு 1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதைச் சுதேசியத்தின் வெற்றியாகத் தேசமே கொண்டாடிற்று. அந்த இரண்டு கோல்களில் முதலாவதைப் போட்டவர் தலைவர் சிவதாஸ் பாதுரி. வெற்றிக் கோலைப் போட்டவரோ அபிலாஷ் கோஷ். ஆனால் அதற்குரிய பந்தை அவருக்குக் கொடுத்தவர் அதே பாதுரிதான். முன்பு தாமே கோல் போட்டவர் மறுபடியும் தாமே போடுவார் என்று எதிரிகள் எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தைப் பயன்படுத்திக்கொள்வது சாதுரியம்.

ஆனால் இந்த வெற்றியிலிருந்து கல்கத்தாவின் ரசிகர்கள் கற்றுக்கொண்டது வேறு பாடம். வெறுங்காலின் விரல்களால் பந்தைத் தொட்டு, வளைத்து, இழுத்து எதிரியைத் திணறடிக்கும் தனிவித்தையே இந்தியக் கால்பந்தின் லட்சணம் என்று அவர்கள் நம்பினார்கள். காய்ந்த தரையும், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகவே நடந்த உள்நாட்டு ஆட்டங்களும் அந்த நம்பிக்கைக்கு இசைவாக இருந்தன. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய நம் அணி பிரான்சோடு ஏறக்குறையச் சமமாக ஆடிவிட்டு, கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கி, கடைசி நேரத்தில் 2-க்கு 1 என்று தோற்றது. நமது ஒரே கோலை, ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் கோலை, போட்டவர் சாரங்கபாணி ராமன். நான்கு ஆண்டு கழித்து, 1952-ல், ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 10-க்கு 1 என்று நம்மவர் பட்ட அடி எல்லாப் பெருமையையும் துடைத்துவிட்டது. தனிவித்தைக்காரர்கள் பந்தைத் தொடுவதற்குள் அது அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னரே பூட்ஸ் அணிவது நம் நாட்டில் கட்டாயமாயிற்று.

அந்தத் தோல்வியை அணியின் பயிற்சியாளராக நின்று பார்த்தவர் சையது அப்துல் ரஹீம். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றுவித்தவர். அவருடைய போலீஸ்காரர்கள் 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலும், ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்ற அணியின் ஆசான் அவரே. ஆகவே ஹெல்சிங்கி அடியை அதிர்ஷ்டத்தின் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வாத்தியார் சுபாவம் அவரை விடவில்லை போலும். குழந்தை எந்தக் கணக்கில் தவறுகிறதோ அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போடச் செய்யும் பழைய பள்ளிமுறையை அவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார்.

ஹைதராபாத்தில் அவர் நடத்திய பந்தயங்கள் விசித்திரமானவை. ஒரு பந்தயத்தில் டிரிபிளிங்கே கூடாது. பந்து வந்தவுடன் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில், வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலாலும், இடக்கால்காரன் வலக்காலாலும் மட்டுமே பந்தைத் தொட வேண்டும். இவற்றைக் கேள்விப்பட்டுச் சிலர், ரஹீம் தனிவித்தையின் சத்துரு, எல்லோரையும் பாஸ் போடும் யந்திரமாக்கப் பார்க்கிறார் என்று குறை கூறியிருக்கக் கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. பந்தைத் தள்ளிவிடுவது எவ்விதம் என்பதை அறியாதவன் வேறு வழியின்றி ஓடுகிறான். அவனுடைய ஓட்டத்தை எதிரி முன்கூட்டியே அறிந்திருக்கிறான். இரண்டு காலாலும் இரண்டு பக்கமும் கொடுக்க வல்லவன் ஓடும்போதோ, இவன் இதோ கொடுக்கப்போகிறான் என்று எதிரி ஓரடி விலகி நிற்கிறான். அந்த ஓரடியே டிரிபிளிங்குக்கு வேண்டிய வாசல். ஓட்டத்தைக் கொல்வதற்காக அன்றி, ஓட்டத்துக்கு உயிர் கொடுப்பதற்காகவே அவர் சில நாட்களுக்கு அதைத் தடை செய்தார் என்பது என் துணிபு.

வெளிநாட்டு விஷயங்களையும் அவர் கூர்ந்து கவனித்தார். 1953 நவம்பர் 25-ஆம் தேதி, லண்டன் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-க்கு 3 என்று தோற்கடித்த ஆட்டம் ஐரோப்பாவையே திகைக்கச் செய்தது. மத்திய முன்கள வீரரான ஹிடெக்குட்டி, தம்முடைய வழக்கமான இடத்தில் நில்லாமல் பின்வாங்கி நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டியவன் பின்தொடர்ந்து போவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று மயங்கிய இடைவெளியில் மூன்று கோல்கள் போட்டார். எதிரியைச் சந்தேகத்தில் நிறுத்துவதென்னும் அதே யுக்திதான் இதுவும். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு ரஹீம் அழைத்துச் சென்ற அணியில் இந்த முறையின் சாயல் இருந்தது. ஹங்கேரி போட்டியிலிருந்து விலகிவிட, நம்மவர் ஆஸ்திரேலியாவை 4-க்கு 2 என்று வென்றார்கள். நெவில் டிசூசா மூன்று கோல், கிட்டு என்று அழைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணசாமி ஒரு கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு இந்தியாவே. அரையிறுதியில் மீண்டும் அந்த யுகோஸ்லாவியா. முதல் கோலை டிசூசா போட்டார் என்பதும், நான்காண்டுக்கு முன் பத்து கோல் வாங்கியவர்கள் சிறிது நேரமாவது முன்னணியில் நின்றார்கள் என்பதும், 4-க்கு 1 என்னும் தோல்வியின் கசப்பை ஓரளவு குறைக்கும். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நான்காமிடம் பெற்றோம்.

ரஹீமின் வேலை முற்றுப்பெற்ற இடம் 1962-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு நடந்த ஜகார்த்தா. அங்கே அவர் கையில் மூன்று முன்கள வீரர்கள் இருந்தார்கள். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நெளிந்து போவதில் வல்லவர். வலது விங்கில் பி.கே. பானர்ஜி வேகத்துக்கும் பலத்த உதைக்கும் பேர்போனவர். மூன்றாமவர் துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு வந்துபோக வாடகைச் சைக்கிளுக்குக் காசில்லாத அச்சிறுவனுக்கு ரஹீமே காசு கொடுத்ததாகச் சொல்வார்கள். மூவரையும் ஒப்பிட்டு எவர் பெரியவர் என்று கல்கத்தாவில் இன்றும் முதியவர்கள் வாதாடுவதுண்டு. நம் விஷயத்தைப் பொறுத்த வரை பலராமே பூரண ஆட்டக்காரர்: ஓட வேண்டிய இடத்தில் ஓடினார், கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தார், எது எந்த இடம் என்பதை எதிரிக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணிக்கு 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பை வாங்கிக் கொடுத்த நெடிய மனிதர்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றார்கள். பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றார்கள். இடையில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. அவரைப் பழைய இடத்தில் நிறுத்துவது அபாயம் என்று கண்ட ரஹீம், வெளியே உட்கார வைக்காமல் முன்களத்துக்கு அனுப்பினார். தடுப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவரை எதிரியின் கோல் முன்னால் கண்டால் எந்தத் தற்காப்பும் கணக்குத் தவறும். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-க்கு 2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரில் மறுபடி தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் விளையாட்டுக்கு அழைக்காததை இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கண்டித்தார் என்பதற்காக ஜகார்த்தா ஜனங்கள் நம்மவரை வெறுத்திருந்த நேரம் அது. அரங்கம் முழுவதும் எதிரியின் பக்கம் ஆரவாரித்தது. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று என இரண்டு கோல்கள் விழுந்தன. கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பிற்று. 2-க்கு 1, தங்கம் இந்தியாவுக்கு. ரஹீமுக்குப் புற்றுநோய். மறு ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி அவர் காலமானார். நுரையீரல் நோயினால் பலராமும் இருபத்தேழு வயதை ஒட்டி ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, அவர் நம்மவர் என்று தமிழ்நாட்டில் அறிந்தோர் சிலரே.

அதன் பிறகு நாட்டின் கால்பந்து எவ்வாறு தளர்ந்தது என்பது வேறு பெரிய கதை. நமக்கு அண்மையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். கணியூரிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போனால் சேரும் கோயம்புத்தூரில், நேரு விளையாட்டரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கழகம், 2018-19 பருவத்தின் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் முதலிய ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்கள் குறும்பாஸ்களால் பந்தைத் தங்களிடமே வைத்து எதிரியை இழுப்பார்கள். எதிரி நடுவில் குவிந்தவுடன், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பிள்ளைகள் ஓரத்தில் திறந்த வழியில் பந்தோடு பறப்பார்கள். மான்சி மட்டும் 21 கோல்கள் போட்டார். 2019 மார்ச் 9-ஆம் தேதி, மினர்வா பஞ்சாபுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, பெனால்டியில் மான்சி சமன் செய்ய, பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட்டு 3-க்கு 1 என்று முடித்தார். சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று தேசிய லீக் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. அவ்வளவு நேர்த்தியாக வகுத்த தாக்குதல் முறை ஒரு பக்கம் இருக்க, பட்டத்தை நிர்ணயித்த கோல்களைத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் போட்டார் என்பது, தத்துவம் பேசுகிற என்னைப் போன்றோர் சற்று அடக்கத்தோடு இருப்பது நல்லது என்று காட்டுகிறது.

உடுமலை, மடத்துக்குளம் வட்டாரப் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியர்களுக்கும், பொங்கலுக்கும் நோன்பிக்கும் பந்தயம் நடத்தும் இளைஞர் மன்றத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பந்தோடு ஓடியதற்காகத் திட்டாதீர்கள். கொடுப்பதைப் பின்னாலும் கற்பிக்கலாம், எதிரியை நேருக்கு நேர் தாண்டும் துணிவை அந்த வயதில் ஒடித்துவிட்டால் பிறகு ஒட்டவைக்க முடிவதில்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு முறையாவது ரஹீம் நடத்தியது போன்ற டிரிபிளிங் இல்லாத பந்தயம் ஒன்றும், மாற்றுக்கால் பந்தயம் ஒன்றும் வையுங்கள். கோப்பை சிறியதாக இருந்தால் போதும். தனிச் செலவு ஒன்றும் இல்லை, கண்டிப்பான நடுவர் ஒருவர் கிடைத்தால் சரி.